கடிகாரத்துக்குத் துணி தந்தது பட்டை மட்டுமா?

கைக்கடிகார வடிவமைப்பு பேசப்படும் இடங்களில் ஆண்டுக்கணக்காக ஒரே பல்லவிதான் ஒலிக்கிறது. விமானம் அதற்குப் பளிச்சென்ற எண்களைத் தந்தது, பந்தயக் கார் உள்வட்ட முட்களைத் தந்தது, கட்டடக் கலை நேர்கோட்டைத் தந்தது, நகைத் தொழில் பொன்னையும் கல்லையும் தந்தது. துணி தந்தது பட்டை மட்டும். விளம்பரங்களும் வடிவமைப்புப் புத்தகங்களும் இதைச் சொல்லிச் சொல்லி, பனியன் ஊரான திருப்பூரில்கூட யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. பையர் அனுப்பும் படத்தைத் தைத்துக் கொடுப்பதே துணித் தொழில், அது பிற துறைகளுக்கு எதையும் கற்றுத்தராது என்ற எண்ணம் இந்தப் பல்லவிக்கு அடியில் இருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

முதலில் விமானம். 1904இல் லூயி கார்ட்டியே, விமானி ஆல்பெர்டோ சாந்தோஸ் துய்மோனுக்குச் செய்துகொடுத்த சதுரக் கடிகாரம் எப்போதும் முதல் சான்றாகக் காட்டப்படும். பறக்கும்போது விசையிலிருந்து கையெடுத்துச் சட்டைப்பையைத் துழாவ முடியவில்லை என்பதே அந்த விமானியின் குறை. அதாவது சிக்கல் உடையில் இருந்தது. விமானத்தின் எந்தப் பாகமும் அந்தச் சதுர முகப்பில் இல்லை. சட்டைப்பையின் கதையோ இதற்கும் மிகப் பழையது. 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஆண்கள் வெயிஸ்ட்கோட் அணியத் தொடங்கியதும், கழுத்திலும் இடுப்பிலும் தொங்கிக்கொண்டிருந்த கடிகாரம் பைக்குள் புகுந்தது. புகுந்ததும் உருவம் மாறியது: உடல் தட்டையானது, விளிம்பு மழுங்கியது, துணியைக் கிழிக்கும் துருத்தல்கள் போயின. பெண்களிடம் வெயிஸ்ட்கோட் பை இல்லை. அவர்களுக்கான கடிகாரம் பதக்கமாகவும் வளையாகவும் ஆனது. 1868இல் பாடெக் ஃபிலிப் ஹங்கேரியச் சீமாட்டி ஒருவருக்குச் செய்த கைக்கடிகாரம் அப்படிப்பட்ட வளைதான். முதல் உலகப் போரில் படைவீரர்கள் பைக்கடிகாரத்தில் கம்பிக் காதுகளைப் பற்றவைத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டபோது, ஆண்களும் பெண்கள் போன வழிக்கே வந்து சேர்ந்தார்கள்.

காரும் பீரங்கி வண்டியும் நீண்ட மறுப்புக்குத் தகுதியானவை அல்ல. கார்ட்டியேயின் டேங்க், 1917இல் ரெனோ பீரங்கி வண்டியை மேலிருந்து பார்த்து வரையப்பட்டது என்பது அந்த நிறுவனமே பரப்பிய கதை. 1963இல் ஹோயர் தன் கடிகாரத்துக்குக் கரேரா என்ற பெயரை மெக்சிகோ சாலைப் பந்தயத்திலிருந்து எடுத்தது, ஆனால் எடுத்தது பெயர் மட்டுமே. இந்தியாவில் போலோ ஆடிய பிரிட்டிஷ் அதிகாரிகளுக்காக 1931இல் பிறந்த ரிவெர்சோ கடிகாரம் புரட்டிவைக்கும் முகப்பைப் பெற்றது விளையாட்டால். விளையாட்டு ஒரு வடிவமைப்புத் துறை அல்ல.

ஜெரால்ட் ஜென்டா வரைந்து 1972இல் வெளிவந்த ராயல் ஓக்கின் எட்டுத் திருகாணிகள் முக்குளிப்பவரின் தலைக்கவசத்திலிருந்து வந்தவை என்பது உண்மை. ஆனால் அதே கடிகாரத்தின் முகப்பைப் பார்க்கவேண்டும். சின்னஞ்சிறு சதுரங்கள் வரிவரியாக ஓடும் அந்தப் பரப்பைத் திரைச்சீலை நெசவின் பெயரால்தான் அதைச் செய்யும் நிறுவனமே அழைக்கிறது. அறுபது எழுபதுகளில் ரோலெக்ஸ் உள்படப் பல நிறுவனங்கள் லினன் துணியின் ஊடும் பாவும் அப்படியே தெரியும் முகப்புகளை அச்சழுத்தி வெளியிட்டன. உலோகத் தகட்டில் நெசவைப் பதிப்பதற்குப் பொறியியல் காரணம் எதுவும் கிடையாது. ஒளியை மென்மையாகச் சிதறச் செய்ய நெசவு கண்டுபிடித்த வழி, கடிகாரத்துக்கும் பொருந்தியது.

பல்லவியை அடியோடு சாய்ப்பது ஸ்வாட்ச் என்ற பிளாஸ்டிக் கடிகாரம். குவார்ட்ஸ் கடிகாரங்கள் வந்தபின் சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழில் சரிந்தது. 1970இல் ஏறத்தாழ 90 ஆயிரமாக இருந்த தொழிலாளர் எண்ணிக்கை எண்பதுகளின் நடுவில் 30 ஆயிரத்தைச் சற்றே தாண்டி நின்றது. விமானத்தின் எண்களும் காரின் வட்டங்களும் அந்தச் சரிவைத் தடுக்கவில்லை. எர்ன்ஸ்ட் டோம்கேயின் தலைமையில் எல்மார் மோக், ஜாக் முல்லர் என்ற இரு பொறியாளர்கள் 51 பாகங்களே கொண்ட பிளாஸ்டிக் கடிகாரத்தை உருவாக்கினார்கள். 1983 மார்ச் 1 அன்று சூரிச்சில் அது 12 மாதிரிகளோடு வெளியானது. பொறியியல் சாதனை என்று இதைப் பாராட்டுபவர்கள் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மறுபாதி ஆடைத் தொழிலிலிருந்து முழுசாக எடுக்கப்பட்டது.

அந்த மறுபாதியைத் திருப்பூரின் எந்த மெர்ச்சண்டைசரும் பார்த்தவுடன் அடையாளம் காண்பார். உடல் ஒன்றே: ஒரே அச்சு, ஒரே அளவு, உள்ளே ஒரே இயக்கம். மாறுவது நிறமும் பிரிண்டும். ஒரே டி-சர்ட் பேட்டர்னை வைத்துக்கொண்டு, துணியின் எடையைச் சொல்லும் ஜிஎஸ்எம்மையும் தையலையும் தொடாமல், சாயத்தையும் பிரிண்டையும் மாற்றிப் பத்து ஸ்டைல் இறக்குவது திருப்பூரின் அன்றாடக் கணக்கு. கட்டிங் மேஜையில் ஆகும் செலவு ஒருமுறைதான். சாய மாதிரியான லேப் டிப்பும் பிரிண்ட் மாதிரியான ஸ்ட்ரைக்-ஆஃபும் மட்டும் ஸ்டைலுக்கு ஸ்டைல் புதிதாகும். ஸ்வாட்ச் அச்சு வார்க்கும் எந்திரத்துக்குச் செய்ததும் இதே கணக்குதான். அதோடு நிற்கவில்லை. ஆடை வியாபாரத்தின் நாள்காட்டியையும் எடுத்துக்கொண்டு வசந்த-கோடைக்கு ஒரு தொகுப்பு, இலையுதிர்-குளிர்காலத்துக்கு ஒரு தொகுப்பு என்று ஆண்டுக்கு இருமுறை இறக்கியது. சீசன் போன மாதிரி கடையிலிருந்து போனது. பின்மூடி திறக்காத அந்த உடலைப் பிரித்துப் பழுதுபார்க்கவும் வழி வைக்கவில்லை. தாத்தாவிடமிருந்து பேரனுக்குப் போகும் சொத்தாக இருந்த கடிகாரம், உடைக்கு ஒன்று என நான்கைந்து வாங்கும் பொருளானது. சுவிஸ் தொழிலை மீண்டும் காலூன்ற வைத்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு தொழிலின் உற்பத்தி முறை, விற்பனைக் காலம், நிறத் தேர்வு, பொருளின் ஆயுள் ஆகிய நான்கையும் மாற்றிய துறையைப் பட்டை தந்த துறை என்று சொல்வது பெரும் அநீதி.

ஆடை வடிவமைப்பாளர்கள் நேரடியாகக் கடிகாரத்தில் கைவைத்ததும் உண்டு. ஷனெல் 1987இல் கொண்டுவந்த பிரிமியரின் சங்கிலி, அந்த நிறுவனத்தின் கைப்பையில் தோலை ஊடாகக் கோத்த அதே சங்கிலி. ஹெர்மஸில் பெண்கள் உடைக்குப் பொறுப்பாக இருந்த மார்ட்டின் மார்ஜேலா 1998இல் கேப் காட் கடிகாரத்தின் தோல்பட்டையை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றும்படி நீட்டினார். மூடியையோ முள்ளையோ அவர் தொடவில்லை. ஆனாலும் பார்ப்பவருக்கு அது வேறு கடிகாரம்.

இனி அந்தப் பட்டை. பட்டை மட்டும் என்று தள்ளுபவர்கள் அது என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதில்லை. பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் 1973இல் விதிமுறை வகுத்த சாம்பல் நிற நைலான் பட்டை, நாடாத் தறியில் நெய்த ஒரே துண்டு. கடிகாரத்தின் அடியில் ஓடுவதால் ஒரு பக்க ஊசி கழன்றாலும் கடிகாரம் கீழே விழாது. பாதுகாப்பைத் தந்தது நெசவும் அது கோக்கப்பட்ட விதமும்தான். 1964இல் வந்த கோல்டுஃபிங்கர் படத்தில் ஷான் கானரி ரோலெக்ஸில் மாட்டியிருந்த கோடுபோட்ட நைலான் நாடாவை இன்றும் ரசிகர்கள் தேடி வாங்குகிறார்கள்.

ஆப்பிள் 2020இல் கொண்டுவந்த பின்னல் பட்டையில் கொக்கியே இல்லை. மறுசுழற்சி பாலியெஸ்டர் நூலில் 16 ஆயிரம் இழைகளை மெல்லிய சிலிக்கோன் இழையோடு பின்னும் எந்திரத்தில் கோத்துச் செய்தது அது. அடிப்படையில் டிராக் பேன்ட்டின் இடுப்புக் கயிறு பின்னும் அதே முறை. கொக்கி போனதால் கைக்கேற்ற அளவு தேவைப்பட்டது. 1 முதல் 12 வரை அளவு வைத்து விற்றார்கள். பனியனை 80, 85, 90 என்று சென்டிமீட்டர் கணக்கில் வாங்குவதுபோலவே. இழுத்தால் விரியும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும், துவைத்தாலும் தளரக் கூடாது: ரிப் துணிக்கும் இடுப்பு எலாஸ்டிக்குக்கும் திருப்பூரில் வைக்கும் சோதனையும் இதுவே. தொழில்நுட்பத்தின் உச்சியில் இருப்பதாகக் கருதப்படும் ஒரு நிறுவனம் கடிகாரத்தை மணிக்கட்டில் நிறுத்தும் கேள்விக்கு விடை தேடியபோது, உலோகப் பட்டறையோடு நிற்காமல் பின்னல் எந்திரத்திடமும் போனது.

இந்தியக் கடிகாரத்துக்கு இதெல்லாம் பொருந்தாது என்று கடைசியாக ஒரு வாதம் வரும். எச்எம்டி ஜனதாவின் வெள்ளை முகப்பு சான்றாகக் காட்டப்படும். சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961இல் பெங்களூரில் தொடங்கிய எச்எம்டி, உழைக்கும் மக்களுக்கு நம்பகமான கடிகாரம் தந்தது. அதன் பெருமை பெரிது. ஆனால் அதை முந்திச் சென்றது, டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் 1984இல் சேர்ந்து தொடங்கிய டைட்டன். ஓசூரில் தொழிற்சாலை அமைத்த அந்த நிறுவனம் மணி பார்க்கும் கருவியாக மட்டும் கடிகாரத்தை விற்கவில்லை. உடுத்தும் உடையோடு சேர வேண்டிய பொருளாக விற்றது. அதன் ராகா கடிகாரம் புடவைக்கும் வளையலுக்கும் பக்கத்தில் நிற்கும்படி வரையப்பட்டது. 2002இல் வந்த எட்ஜ் கடிகாரத்தின் கனம் 3.5 மில்லிமீட்டர், உள்ளிருக்கும் இயக்கத்தின் கனம் 1.15 மில்லிமீட்டர். அவ்வளவு மெலிந்த கடிகாரம் முழுக்கைச் சட்டையின் கஃப்பில் தட்டாமல் உள்ளே போகும். ஓசூர்ப் பொறியாளர்கள் அங்கே பொருதிய அளவு துணியின் அளவு. 2017இல் அதே நிறுவனம் தனெய்ரா என்ற பெயரில் புடவைக் கடைகளையும் திறந்தது.