பழக்கும் கையே குணமாகட்டும்

களத்திலிருந்து ஊர் திரும்பியும் உறக்கத்தில் போர் ஓயாத அமெரிக்கப் படைவீரர்களுக்காக, 2021 ஆகஸ்டில் ஒரு சட்டம் வந்தது. உதவி நாய்களைப் பழக்குவதையே சிகிச்சையாக்கி, 5 மருத்துவ மையங்களில் 5 ஆண்டு சோதிக்க அது வழிசெய்தது. இதில் நியாயம் இருக்கிறது. பதறிய குரலுக்கு நாய்க்குட்டி பணியாது. சொன்னதைச் செய்ததும் கனிவாகப் பாராட்டித் தீனி தர வேண்டும். குட்டியைக் கடைவீதிக்குப் பழக்க, கூட்டத்துக்கு அஞ்சி ஒதுங்கியவரும் வெளியே வந்தாக வேண்டும். மரத்துப்போன மனம் இப்படித்தான் மெல்ல இளகுகிறது.

நாய் மருந்தாகுமா என்ற ஐயம் இயல்பானதே. 156 முன்னாள் வீரர்களிடம் நடத்தி 2024இல் வெளியான ஆய்வில், உதவி நாய் பெற்றோருக்கு 3 மாதங்களில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் (PTSD) நீடிக்கும் வாய்ப்பு, நாய்க்காகக் காத்திருப்போரைவிட 66 சதவீதம் குறைவாக இருந்தது. அது நாயைப் பெற்றவர்கள் பற்றிய சான்று. பழக்குபவர்கள் பற்றிய சான்று இனிதான் திரள வேண்டும். சோதனைத் திட்டம் அதற்குத்தானே! மருந்துக்கும் உளவியல் சிகிச்சைக்கும் இது மாற்றல்ல, துணை. செலவு அதிகம் என்பார்கள். ஆனால் பழக்கியவர் தேறுகிறார். பழகிய நாயோ இன்னொரு வீரருக்குத் துணையாகிறது. காலக்கெடு முடிந்ததும் கைவிடாமல், முடிவுகளை வெளிப்படையாக அளந்து இத்திட்டத்தை விரிவாக்குவதே போருக்கு அனுப்பிய அரசின் கடமை.