உச்சிவேளை வேலைக்குத் தடை வேண்டும்

கத்திரி வெயில் காலத்தில் செம்பரம்பாக்கம் வழியாகப் பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்கள், சாலையோரக் கட்டுமானங்களைச் சற்று நின்று பார்க்கட்டும். கம்பி கட்டுபவர் கையில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் கம்பியைத் தொடுகிறார். சித்தாள் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, காது மறையத் துணி கட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு இருக்கும் பாதுகாப்பு இவ்வளவுதான். அதுவும் அவர்களே தேடிக்கொண்டது.

சூரியக் கதிர்வீச்சு புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1992-லேயே வகைப்படுத்திவிட்டது. மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய் மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு வெயிலில் பார்க்கும் வேலையே காரணம் என உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2023-ல் கணக்கிட்டன. 2019-ல் மட்டும் இப்படி இறந்தவர்கள் சுமார் 19,000 பேர்.

நம் தோலில் மெலனின் அதிகம் என்பதால் இங்கே இந்தப் புற்றுநோய் குறைவு என்பது உண்மைதான். அதைச் சாக்காகச் சொல்லித் தப்பிக்க முடியாது. புற ஊதாக் கதிரால் வரும் கண்புரையையோ, வெப்பத்தால் சிறுநீரகம் கெடுவதையோ தோலின் நிறம் தடுத்துவிடாது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழக உப்பளத் தொழிலாளர்களை ஆய்வு செய்தபோது, பத்தில் ஒன்பது பேர் வரம்பு மீறிய வெப்பத்தில் வேலை பார்த்தது தெரிந்தது. 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. கழிப்பறை இல்லாத இடங்களில் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கும் பெண்களின் நிலை இன்னும் மோசம்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-ல் அறிவித்த தமிழக அரசு, உயிரிழப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு என்றது. வரவேற்போம். ஆனால், உயிர் போகாமல் காப்பதற்கு என்ன விதி இருக்கிறது? கேரளத் தொழிலாளர் துறை கோடைதோறும் பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கத் தடை விதிக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை தடை. துபாயில் அந்த நேரத்தில் ஓய்வெடுக்கும் நம்மூர்க் கொத்தனாருக்கு, சொந்த மண்ணில் அந்த உரிமை இல்லை.

வேலை தாமதமாகும் என்று ஒப்பந்ததாரர்கள் சொல்வார்கள். காலை 6 மணிக்குத் தொடங்கி, மாலையில் மீதியை முடித்தால் எட்டு மணி நேரம் குறையாது. கொளுத்தும் வெயிலில் போட்ட கான்கிரீட் சீக்கிரம் இறுகி விரிசல் விடும் என்பது எந்த மேஸ்திரிக்கும் தெரியும்.

கோடையில் 12 முதல் 3 மணி வரை, கூலியில் கைவைக்காமல் கட்டாய ஓய்வு. பணியிடத்தில் நிழல், குடிநீர், கழிப்பறை. கட்டுமான நல வாரிய நிதியிலிருந்து ஆண்டுதோறும் தோல், கண், சிறுநீரகப் பரிசோதனை. இவற்றை அரசாணையாக்க வேண்டும். பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் வரை திட்டமிடப்பட்டுள்ள மெட்ரோ நீட்டிப்பு செம்பரம்பாக்கம் வழியாகவே செல்லவிருக்கிறது. அதன் ஒப்பந்த நிபந்தனைகளில் இந்த விதிகளை எழுதி, அரசு தன் வேலையிலிருந்தே தொடங்கட்டும்.