ஒரே தந்தை, இரண்டு நூல்கள்

கொழும்பில் ஒரு பழைய தேவாலயம். கல் பாவிய தரையில் மண்டியிட்டு, அதில் பொறித்திருக்கும் தன் குடும்பப் பெயரைப் படிக்கிறார் ஒருவர். பெயர் ஒண்டாச்சி. படிப்பவர் எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி. 1943-இல் கொழும்பில் பிறந்தவர். 11 வயதில் இங்கிலாந்துக்குப் போய், பிறகு கனடாவில் குடியேறியவர். 1978-இலும் 1980-இலும் இலங்கைக்குத் திரும்பிவந்தார். கண்டதையும் உறவினர்களிடம் கேட்டதையும் சேர்த்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'ரன்னிங் இன் தி ஃபேமிலி'. ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வரும் குணத்தையோ நோயையோ குறிக்கும் வழக்குச் சொல் அது.

இப்படிப்பட்ட நூல்கள் இன்று உலகெங்கும் நிறைய வருகின்றன. தாய் ஓர் இனம், தந்தை வேறோர் இனம். அல்லது நான்கு தலைமுறைக்கு முன் மூன்று நாட்டவர் கலந்த குடும்பம். அதில் பிறந்த ஒருவர் "நான் யார்?" என்று கேட்டு எழுதுகிறார். படிக்கும் நமக்கு ஒரு தயக்கம் வருகிறது. இதை வரலாறாகப் படிப்பதா, கதையாகப் படிப்பதா? இதில் எதை நம்புவது?

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒருவர் தன் வாழ்வின் ஒரு பகுதியை, தன் நினைவையே முதல் சான்றாக வைத்து எழுதுவதை நினைவுநூல் என்று இங்கே சொல்கிறேன். தன்வரலாறு பிறப்பில் தொடங்கி வரிசையாக நடக்கும். நினைவுநூல் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் போகும். வெவ்வேறு இனம், மதம், மொழி வந்து கூடிய குடும்ப வழியைக் கலப்பு மரபு என்கிறேன். எல்லாக் குடும்பமும் ஏதோ ஓரிடத்தில் கலந்ததுதான். ஆனால் சில குடும்பங்களின் கலப்புக்கு மட்டும் சமூகம் தனிப் பெயர் வைக்கிறது. அப்படிப் பெயர் வாங்கியவர்களே பெரும்பாலும் இவ்வகை நூல்களை எழுதுகிறார்கள்.

இனி அந்தப் பெயர் பொறித்த கல்லுக்கு வருவோம். தன் முன்னோர் ஒருவர் 1600-இல் இலங்கைக்கு வந்தார் என்று மைக்கேல் எழுதுகிறார். அவர் ஒரு வைத்தியர். ஆளுநரின் மகளை மூலிகையால் குணப்படுத்தினார். அதற்காக நிலமும் ஒரு மனைவியும், டச்சு எழுத்தில் அமைந்த ஒரு பெயரும் பெற்றார். குடும்பத்தில் வழங்கிவந்த கதை இது.

குடும்ப வம்சாவளி வேறு மாதிரி சொல்கிறது. அதன்படி அந்த வைத்தியர் தஞ்சாவூரிலிருந்து வந்த தமிழர். வந்த ஆண்டு 1659. அழைத்தவர் டச்சு ஆளுநர் அட்ரியான் வான் டெர் மெய்டன். வைத்தியம் செய்தது ஆளுநரின் மனைவிக்கு. டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றியதே 1656-இல்தான். ஆகவே 1600-இல் அங்கே ஒரு டச்சு ஆளுநர் இருந்திருக்க முடியாது. ஆண்டு பிசகியிருக்கிறது, மனைவி மகளாகியிருக்கிறார்.

இதைக் கண்டதும் நூல் பொய் என்று ஒதுக்கிவிடத் தோன்றலாம். கொஞ்சம் நிதானிப்போம். எது மாறியது, எது மாறவில்லை என்று பார்த்தால் ஒன்று புலப்படும். வைத்தியர் மாறவில்லை. ஆளுநர் வீட்டுப் பெண்ணின் நோய் மாறவில்லை. பெயரின் எழுத்து டச்சு வடிவம் பெற்றதும் மாறவில்லை. முந்நூறு ஆண்டு வாய்வழியாக வந்த கதை ஆண்டுகளை உதிர்த்துவிட்டு, தான் முக்கியம் என்று நினைத்ததை வைத்துக்கொண்டது. நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. குலதெய்வக் கோயில் இரண்டு மாவட்டம் தள்ளி இருக்கும். ஏன் அங்கே இருக்கிறது என்று பாட்டியைக் கேட்டால் பஞ்சம் என்பார், பகை என்பார், ராத்திரியோடு ராத்திரியாக வண்டி கட்டிய கதையைச் சொல்வார். எந்த ஆண்டு என்று மட்டும் சொல்ல மாட்டார்.

ஒண்டாச்சி குடும்பம் இலங்கையில் பறங்கியர் எனப்படும் சமூகத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் இந்தச் சொல் ஐரோப்பியர் அனைவரையும் குறிக்கும். இலங்கைத் தமிழில் அது போர்த்துக்கீசியர், டச்சுக்காரர் ஆகியோரின் வழிவந்த சமூகத்துக்கான பெயர். யார் பறங்கியர் என்பதற்கு ஆங்கிலேயர் காலத்தில் ஒரு விதி நிலைபெற்றது. தந்தைவழியில் ஐரோப்பியராக இருந்தால் போதும். தாய் எந்த இனம் என்று பார்ப்பதில்லை. 1908-இல் கொழும்பில் தொடங்கிய டச்சுப் பறங்கியர் சங்கம் குடும்பங்களின் வம்சாவளிகளைத் திரட்டித் தன் இதழில் வெளியிட்டது. அவையும் தந்தைவழியையே பின்பற்றின.

ஒண்டாச்சி குடும்பத்தை இந்த விதியில் வைத்துப் பாருங்கள். தந்தைவழியாகவே மேலே போனால் முதலில் நிற்பவர் தஞ்சாவூர்த் தமிழர். விதிப்படி இது பறங்கியர் குடும்பமே அல்ல. ஆனால் சீர்திருத்தக் கிறித்தவம், திருமண உறவுகள், கல்வி, அரசுப் பணி என்று இரண்டு மூன்று தலைமுறைக்குள் இக்குடும்பம் டச்சு உலகத்தோடு ஒன்றிவிட்டது. அந்த வழியில் வந்த வில்லெம் யூரியான் ஒண்டாச்சி தேவாலயப் போதகர். அவருடைய மகன் க்வின்ட் ஒண்டாச்சி 1758-இல் கொழும்பில் பிறந்து, இளவயதிலேயே நெதர்லாந்துக்குப் போனார். 1780-களில் யூட்ரெக்ட் நகரில் ஆரஞ்சு இளவரசரின் தரப்பை எதிர்த்த தேசபக்தர் இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரானார். டச்சு வரலாற்று நூல்களில் இன்றும் அவர் பெயர் உண்டு.

விதி ஒன்று சொல்கிறது, வாழ்க்கை வேறொன்று செய்திருக்கிறது. கலப்பு மரபைப் பற்றிய நினைவுநூலில் நாம் கவனிக்க வேண்டிய முதல் இடம் இதுதான். எவ்வளவு பங்கு தமிழ், எவ்வளவு பங்கு டச்சு என்று கணக்குப் போடுவதில் அதிகம் கிடைக்காது. கலப்புக் குடும்பத்தாருக்குப் பெயர் வைக்கும் உரிமை எங்கே இருந்தது, தேவாலயப் பதிவேட்டிலா, நீதிமன்றத்திலா, திருமணப் பேச்சிலா என்று கேட்டால் நிறையத் தெரியவரும்.

தென்னாப்பிரிக்காவில் அந்த உரிமை சட்டத்திடம் இருந்தது. நகைச்சுவைக் கலைஞர் ட்ரெவர் நோவா அங்கே 1984-இல் பிறந்தவர். தாய் கோசா இனத்தவர், தந்தை சுவிட்சர்லாந்துக்காரர். வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையேயான உறவை 1927-இலேயே ஒரு சட்டம் குற்றமாக்கியிருந்தது. அவர் பிறந்த மறு ஆண்டு, 1985-இல்தான் அந்தத் தடை நீங்கியது. அதனால்தான் 2016-இல் வந்த தன் நூலுக்குக் 'குற்றமாகப் பிறந்தவன்' என்ற பொருளில் பெயர் வைத்தார். இந்தச் சட்டத்தை அறியாமல் படித்தால், தன் மகனோடு தெருவில் நடக்கும்போது ஒரு தாய் ஏன் மகனை விட்டு விலகி நடக்க வேண்டும் என்பது புரியாது.

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது சான்றின் அடுக்கு. எழுதுபவர் தானே கண்டது ஒன்று. பிறர் சொல்லக் கேட்டது இன்னொன்று. பதிவேடு, கடிதம், புகைப்படம் மூன்றாவது. இவை எவையும் இல்லாத இடத்தில் கற்பனை வந்து நிரப்புவது நான்காவது. நல்ல நூலில் இந்த நான்கும் கலந்தே வரும். ஆனால் எது எங்கே தொடங்குகிறது என்பதற்கு எழுத்தாளர் ஏதாவது ஒரு குறிப்பு விட்டிருப்பார்.

மைக்கேலின் நூலில் லாலா பாட்டியின் மரணம் இதற்கு எடுத்துக்காட்டு. நுவரெலியாவில் பெருமழை. லாலா தனியே வெளியே வருகிறார். வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறது. நீரோடு போகும்போது அவர் கண்ணில் பட்ட ஒவ்வொன்றையும் நூல் வருணிக்கிறது. உடன் சென்றவர் யாரும் இல்லை, திரும்பிவந்து சொன்னவரும் இல்லை. ஆக, அது முழுக்கப் பேரனின் கற்பனை. அவர் அதை மறைக்கவில்லை. சாட்சியே இல்லாத ஒன்றை இத்தனை நுணுக்கமாக எழுதியிருப்பதே குறிப்பு. இது வரலாறு அல்ல, ஓர் உருவப்படம் என்ற பொருளில் நூலின் இறுதியிலும் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கங்களை நான் பலமுறை படித்திருக்கிறேன். பாட்டி எப்படி இறந்தார் என்பது இன்றும் எனக்குத் தெரியாது. அந்தப் பேரனுக்கு அவர் எப்படிப்பட்டவராக இருந்தார் என்பது தெரியும்.

பராக் ஒபாமாவும் இதையே வேறு வகையில் செய்தார். அவருடைய 'ட்ரீம்ஸ் ஃப்ரம் மை ஃபாதர்' 1995-இல் வந்தது. தந்தை கென்யாவின் லுவோ இனத்தவர், தாய் கன்சாஸைச் சேர்ந்த வெள்ளையர். நூலில் வரும் சிலர் பல மனிதர்களைச் சேர்த்து ஒருவராக்கியவர்கள் என்று முன்னுரையிலேயே அவர் சொல்லிவிடுகிறார். பின்னாளில் அவர் புகழ்பெற்றபோது, இன்னார் யார் என்று தேடிப் பலர் உழைத்தார்கள். முன்னுரையைப் படித்திருந்தால் அந்த உழைப்பில் பாதி மிச்சமாகியிருக்கும்.

மூன்றாவது இடம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே குடும்பத்தைப் பற்றி இரண்டு குரல் கிடைக்கும் இடம். ஜேம்ஸ் மெக்பிரைட் தன் தாயைப் பற்றி எழுதிய 'தி கலர் ஆஃப் வாட்டர்' அப்படி ஒரு நூல். தாய் ரூத், போலந்தில் யூதக் குடும்பத்தில் பிறந்து, குழந்தையாக அமெரிக்கா வந்தவர். கறுப்பினத்தவர் ஒருவரை மணந்ததும், பிறந்த வீடு அவரை இறந்தவராகவே கருதித் துக்கம் காத்தது. 12 பிள்ளைகளை வளர்த்தார். தன் பூர்வீகத்தைப் பற்றி அவர்களிடம் வாய் திறக்கவில்லை. மகன் பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டுத்தான் அது வெளியே வந்தது. நூலில் ஓர் இயல் மகனுடையது, அடுத்தது தாயுடையது என்று மாறி மாறி வரும். மகன் அவமானமாக நினைத்ததைத் தாய் தன் இயலில் துணிச்சலாகச் சொல்வார். மகன் ஊகித்ததைத் தாய் ஒரே வரியில் திருத்துவார்.

ஒண்டாச்சி குடும்பத்தில் அந்த இரண்டு குரலும் இரண்டு நூலாகக் கிடைக்கின்றன. மைக்கேலின் அண்ணன் கிறிஸ்டோபர் 1933-இல் பிறந்தவர். 'தி மேன்ஈட்டர் ஆஃப் புணானை' என்ற அவருடைய நூல் 1992-இல் வந்தது. தந்தை மெர்வின் தேயிலைத் தோட்டத்தில் துரையாக இருந்தவர். குடி அவரையும் குடும்பத்தையும் சிதைத்தது. தம்பிக்கு அண்ணனைவிடப் பத்து வயது குறைவு. பெற்றோர் பிரிந்தபோது சின்னக் குழந்தை. தந்தையின் அட்டகாசங்களை அத்தைமாரும் சித்திமாரும் மாலை நேரத்தில் சிரித்துச் சிரித்துச் சொல்ல, அவர் கேட்டு எழுதினார். அதனால் தம்பியின் நூலில் தந்தை பெரும்பாலும் ஒரு கதைமாந்தர். ரயிலை நிறுத்துபவர், சுரங்கப்பாதைக்குள் ஓடுபவர். அடியில் இருக்கும் துயரம் நூலின் கடைசிப் பகுதியில்தான் மேலே வருகிறது.

அண்ணன் அவற்றைக் கதையாகக் கேட்கவில்லை, வளர்ந்த பையனாக வீட்டில் இருந்து பார்த்தார். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தபோது குடும்பம் பணமிழந்ததால் பள்ளியை விட்டு வேலைக்குப் போனவரும் அவர்தான். பிறகு கனடாவில் நிதித்துறையில் பெரும் செல்வம் ஈட்டினார். உள்நாட்டுப் போர்க்காலத்தில் இலங்கைக்கு வந்து, மட்டக்களப்புச் சாலையில் உள்ள புணானைக் காட்டுக்குப் போனார். 1924-இல் அங்கே ஒரு சிறுத்தை பலரைக் கொன்று, பின் சுட்டு வீழ்த்தப்பட்டது. அந்தச் சிறுத்தையின் கதையையும் தந்தையின் கதையையும் அவர் ஒன்றாகப் பின்னினார். அவர் நூலில் சிரிப்பு குறைவு. அச்சமும் கோபமும் கூடுதல். கடைசியில் ஒருவித சமாதானம்.

எது உண்மையான மெர்வின்? இரண்டும்தான். ஒன்றைப் படித்தவர் மற்றதையும் படித்துவிடுவது நல்லது என்பதே என் எண்ணம். ஒரு நினைவுநூலைத் தனியாகப் படிக்கும்போது அதன் குரல் அவ்வளவு நெருக்கமாக ஒலிக்கிறது. வீட்டில் வேறு யாரும் பேசவே இல்லை என்று தோன்றிவிடுகிறது.

பேசாமல் போனவர்கள் உண்மையிலேயே உண்டு. கிறிஸ்டோபர் தேடிப்போன புணானை மட்டக்களப்பு மாவட்டத்தில் இருக்கிறது. அதே மாவட்டத்தில் இன்னொரு பறங்கியர் சமூகம் வாழ்கிறது. இவர்கள் போர்த்துக்கீசிய வழிவந்த கத்தோலிக்கர். பலர் தச்சர், கொல்லர், இயந்திரம் பழுதுபார்ப்பவர். வெளியே தமிழ் பேசுகிறார்கள். வீட்டில் முதியவர்கள் இன்னும் ஒரு போர்த்துக்கீசியக் கலப்புமொழி பேசுகிறார்கள். 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின் ஆங்கிலம் படித்த கொழும்புப் பறங்கியரில் பலர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். மட்டக்களப்புப் பறங்கியரில் மிகப் பலர் அங்கேயே இருந்தார்கள். 2012-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் இலங்கை முழுவதிலும் பறங்கியர் 40,000-க்கும் குறைவு.

ஒண்டாச்சி சகோதரர்களுக்கு ஆங்கிலமும் அச்சகமும், திரும்பிவரும் பயணத்துக்கான பணமும் இருந்தன. மட்டக்களப்புப் பறங்கியரின் குடும்பக் கதைகள் கல்யாண வீட்டில் வயலின் வாசித்து ஆடும் கஃபிரிஞ்ஞாப் பாட்டில் இருக்கின்றன. தந்தையிடமிருந்து மகனுக்குக் கைமாறும் இழைப்புளியில் இருக்கின்றன.