தாடை நோவு: பல்லைப் பிடுங்குமுன் சற்றுப் பொறுங்கள்

காலையில் எழும்போது காதோரம் நோவு. பாண் துண்டைக் கடித்தால் 'டிக்' என்று சத்தம். கொட்டாவி விட்டால் தாடை பிடித்துக்கொள்கிறது. காதுக்குத்து என்று ஒரு டொக்டரிடமும் பல்வலி என்று இன்னொருவரிடமும் அலைந்து, ஈற்றில் நல்ல கடைவாய்ப் பல்லொன்றைப் பிடுங்கிக்கொள்வோர் உண்டு. பல் போய்விடும், நோவு போகாது.

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். அங்கே அசைவதுதான் தாடை மூட்டு. அது கதவுப் பிணைச்சல் போல மடங்கும். முன்னோக்கி வழுக்கியும் செல்லும். எலும்புகளுக்கிடையே மெல்லிய தட்டொன்று மெத்தை போல இருக்கிறது. அது விலகினால் சத்தம் கேட்கும். நோவில்லாத வெறும் சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை. பலருக்கு நோவு வருவது சுற்றியுள்ள தசைகளின் களைப்பினால்தான். தூக்கத்தில் பல்லை நெறுமுவதும், கவலையில் பல்லை இறுகக் கடித்திருப்பதும் இதற்குக் காரணமாகும். மணிக்கணக்கில் உரத்து ஓதும் ஹிப்ழ் மாணவர்களுக்கும் தாடை களைப்பதுண்டு.

கையால் தாடையைச் சீராக்குவது பழைய கலை. குர்துபாவின் அஸ்-ஸஹ்ராவி, சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, நழுவிய தாடையைக் கையால் அமர்த்தும் முறையைத் தமது 'அத்தஸ்ரீஃப்' நூலில் விவரித்திருக்கிறார். 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகை வெளியிட்ட வழிகாட்டியும், நாட்பட்ட தாடை நோவுக்குப் பயிற்றப்பட்டவர் கையால் மூட்டை அசைத்துக் கொடுப்பதையும், இறுகிய தசைகளை அழுத்தித் தளர்த்துவதையும், தாடைப் பயிற்சிகளையும் சிபாரிசு செய்கிறது. மூட்டுத் தட்டை வெட்டியெடுக்கும் சத்திரசிகிச்சையை அது வேண்டாமென்கிறது.

வீட்டில் செய்யக்கூடியவை:

உதடுகள் மூடியிருக்கட்டும்; பற்கள் ஒன்றையொன்று தொடாதிருக்கட்டும். மெல்லும்போது தவிர பற்களுக்குச் சந்திப்பு வேண்டாம்.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்தில் 15 நிமிடம் வையுங்கள். பிறகு கன்னத் தசையை விரல் நுனிகளால் மெதுவாக வட்டமாகத் தடவுங்கள்.

நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்தபடியே வாயை மெல்லத் திறந்து மூடுங்கள். ஒரு தடவைக்கு 6 முறை போதும். நோவு கூடினால் நிறுத்துங்கள்.

சில வாரங்களுக்குச் சூயிங்கமும் கடின இறைச்சியும் வேண்டாம். கொட்டாவியை இயன்றளவு அடக்கிக்கொள்ள நபிகளார் (ஸல்) கற்றுத் தந்தார்கள். அந்தப் பழக்கம் இங்கே தாடைக்கும் ஆறுதல்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. வெற்றிலை பாக்குப் போடுபவருக்கு வாய் திறப்பது நாளுக்கு நாள் குறைந்து, காரம் பட்டால் எரிந்தால், அதைத் தாடைப் பிடிப்பென்று தடவிக்கொண்டிருக்க வேண்டாம். பாக்கினால் வாயின் உட்தோல் இறுகும் நோயாக இருக்கலாம்; அது புற்றுநோயாக மாறவும் கூடும். நமது மூத்த உம்மாமாரை இதற்காகவேனும் காட்டுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டு வலியும் பார்வை மங்கலும் சேர்ந்தாலோ, எவருக்கும் நெஞ்சு நோவுடன் தாடையும் நொந்தாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து வார்ட் பிளேஸிலுள்ள தேசிய பல் வைத்தியசாலை தூரமில்லை. அங்கே போய், "நோவு பல்லிலா, மூட்டிலா? பிஸியோதெரபி உதவுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். உடல் நம்மிடமுள்ள அமானிதம். பிடுங்கிய பல் திரும்ப முளைக்காது.