நெஞ்செலும்பை ஏன் ஒதுக்குறீங்க?

பட்டணத்துக் கறிக்கடைகளில் இப்போது அடிக்கடி காதில் விழுகிற வார்த்தை "போன்லெஸ்". ஆட்டுக்கறி, கோழிக்கறி எதுவானாலும் எலும்பு வேண்டாமாம். கேட்பது உங்கள் உரிமை. ஆனால் ஆடு வளர்க்கிறவன் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எலும்பில்லாத ஆடு எங்கள் பட்டியில் பிறக்கிறதில்லைங்க.

எங்கள் பக்கம் மேச்சேரி ஆடு. செந்நிறம், கம்பளி கிடையாது, கறிக்குப் பேர் போன இனம். சந்தைக்கு ஓட்டிப் போனால் வியாபாரி பல்லைப் பார்ப்பார், அப்புறம் முதுகையும் விலாவையும் தடவுவார். விரலில் எலும்பு தட்டினால் விலை இறங்கும். சதை மூடியிருந்தால் ஏறும். நாங்கள் போட்ட கடலைக்கொடி, சோளத்தட்டு, வெயிலில் மேய்த்த மேய்ச்சல், எல்லாம் அந்த விலாவில்தான் தெரியும். அதைத்தான் நீங்கள் "எடுத்துட்டுக் குடுங்க" என்கிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். 20 கிலோ ஆட்டை அறுத்தால் தோல், தலை, கால், குடல் போக எலும்போடு 9, 10 கிலோ கறி தேறும். எலும்பையும் கழித்தால் இன்னும் குறையும். அதற்காகத்தான் போன்லெஸ்ஸுக்குக் கூடுதல் விலை வாங்குகிறார்கள். அந்தக் கூடுதல் காசு எங்கள் மடிக்கு வருவதில்லை. எங்களிடம் முழு உருப்படிக்குத்தான் விலை பேச்சு. "எலும்பு விக்க மாட்டேங்குதுப்பா" என்று சொல்லி அங்கேயும் 100, 200 குறைக்கிறார்கள். வாங்குகிறவருக்குச் செலவு, வளர்க்கிறவனுக்கு நஷ்டம். இதுக்குப் பேரு வசதியா?

"எலும்புக்கறி வேக நேரமாகுது" என்பது ஒரு பதில். ஆகட்டுமே. அடுப்புதானே வேலை செய்யுது, நீங்களா நிற்கிறீர்கள்? ஒரு கிலோ நெஞ்செலும்பை விரல் நீளத்துக்கு வெட்டி வாங்குங்கள். மல்லி, மிளகு, சீரகம், வரமிளகாயை வறுத்து அரையுங்கள். கால் கிலோ சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டை நல்லெண்ணெயில் வதக்கி, கறி, மஞ்சள், உப்பு, அரைத்ததைப் போட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். இளந்தீயில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அவசரமென்றால் குக்கரில் அரை மணி நேரம் போதும். விறைப்பாக இருந்த சவ்வு மெல்லக் கரைந்து குழம்பு தானாகக் கெட்டிப்படும். முந்திரியும் வேண்டாம், கிரீமும் வேண்டாம்.

அந்த இரண்டு மணி நேரத்தில் தொட்டுக்கொள்ள வீட்டிலேயே பன்னும் சுடலாம். "கம்மஞ்சோறு தின்ன ஆளு பன்னுக்கு வக்காலத்து வாங்குறியே" என்று எங்கள் ஊரிலேயே கேட்கிறார்கள். எங்கள் காலத்தில் பன் காய்ச்சல்காரர் சாப்பாடு, பாலில் நனைத்துக் கொடுப்பார்கள். உங்களுக்கு அது தினப்படி சாப்பாடு. தினமும் தின்கிற பொருளில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிய வேண்டாமா? ரொட்டி மாவில் சேர்த்து வந்த பொட்டாசியம் புரோமேட்டை, டெல்லி ரொட்டிகளைச் சோதித்த ஓர் அறிக்கை வெளியான பிறகு, 2016-ல்தான் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதுவரை அதையும் சேர்த்துத்தான் பலரும் தின்றார்கள்.

வீட்டுப் பன்னுக்கு 500 கிராம் மைதா, 7 கிராம் உலர் ஈஸ்ட், 300 மில்லி வெதுவெதுப்பான பால், 50 கிராம் வெண்ணெய், 2 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, ஒன்றரை டீஸ்பூன் உப்பு. மைதா பிடிக்காதவர்கள் பாதி கோதுமை மாவு போடலாம், பால் கொஞ்சம் கூடக் கேட்கும். 10 நிமிடம் நன்றாகப் பிசைந்து, ஒரு மணி நேரம் மூடி வைத்தால் இரண்டு பங்காக உப்பும். 12 உருண்டை பிடித்து இன்னும் அரை மணி நேரம் வையுங்கள். ஓவனில் 180 டிகிரியில் 20 நிமிடம். ஓவன் இல்லையா? கனமான பாத்திரத்தில் கல்லுப்பு பரப்பிப் பத்து நிமிடம் சூடேற்றி, உள்ளே ஸ்டாண்டு மேல் தட்டை வைத்து மூடி, மிதமான தீயில் அரை மணி நேரம் விடுங்கள். ராத்திரி இட்லி மாவு பொங்க வைக்கிற வீட்டுக்கு இதெல்லாம் பெரிய வித்தையா?

"பிள்ளைகளுக்கு எலும்பு கடிக்கத் தெரியல" என்பது இன்னொரு பதில். பின்னே யார் கற்றுக்கொடுப்பது, பக்கத்து வீட்டுக்காரரா? சின்னதுகளுக்குச் சதையைப் பிய்த்து ஊட்டுங்கள். பெரியதுகளை உட்கார வைத்துக் கடிக்கப் பழக்குங்கள். உருண்டை பிடிக்கவும் அவர்களையே கூப்பிடுங்கள். எலும்பு கடிக்க நேரமாகும், அதனால்தான் சொல்கிறேன். அரை மணி நேரம் எல்லாரும் ஒரே இடத்தில் உட்காருவீர்கள். குழம்புக் கையோடு யாரும் செல்போனைத் தொட முடியாது.

நாலு வீட்டில் நெஞ்செலும்பு வாங்கினால் மறுநாளே ஆட்டு விலை ஏறிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "எலும்பு விக்கல" என்கிற சாக்கு சந்தையில் செல்லாமல் போக வேண்டுமென்றால், அது உங்கள் தெருக் கறிக்கடையில்தான் தொடங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனால் "நெஞ்செலும்போட கலந்து போடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்.