காலிக் கோயில் கேட்பவர்கள்

விடுமுறை நாளில் திருவண்ணாமலைக் கோயிலுக்குப் போகக்கூடாது என்பது நம் எழுத்தாள நண்பர்கள் சிலருக்குச் சித்தாந்தமாகவே ஆகிவிட்டது. கூட்டம் சிற்பத்தைப் பார்க்க விடுவதில்லையாம். ஆகவே 217 அடி ராஜகோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, செங்கம் சாலையில் ரமணாசிரமத்துக்குள் புகுந்து, மௌனத்தை ரசித்து, கையோடு ஒரு கவிதையும் எழுதிக்கொண்டு திரும்புகிறார்கள். ரசனை என்ற பெயரில் நடக்கும் பம்மாத்து இது.

நான் பாங்க் குமாஸ்தா. எனக்குக் கிடைப்பது விடுமுறை நாள்தான். கொத்தனாருக்கும் ஜவுளிக்கடைப் பையனுக்கும் அதுகூட நிச்சயமில்லை. கிடைத்த ஒரு நாளில் பெண்டாட்டி பிள்ளைகளோடு, புளிசாத மூட்டையோடு வந்து பிராகாரத்தில் உட்காருகிறவனை 'இடைஞ்சல்' என்று சொல்ல இவர்களுக்கு எந்த அழகியல் அனுமதி தந்தது?

இவர்கள் கொண்டாடும் மௌனத்தின் பூர்வீகத்தையாவது யோசித்திருக்கிறார்களா? 1896இல் வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் வந்து உட்கார்ந்தது ஆசிரமத்தில் அல்ல, இதே கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில். தெருப் பிள்ளைகள் கல்லெறிந்தார்கள். கீழே இருட்டில் பாதாள லிங்கத்துக்குப் போனான். பூச்சிகள் தொடையை அரித்தன. ஆசிரமம் உருவானது 1922இல் அவர் தாயார் இறந்த பிறகு. சத்தம் இல்லாத இடம் தேடி அவர் இந்த ஊருக்கு வரவில்லை.

2002இல் மத்திய தொல்லியல் துறை இக்கோயிலைத் தேசிய நினைவுச்சின்னம் என்று அறிவித்தது. ஊர் எதிர்த்தது, விவகாரம் உச்சநீதிமன்றம் வரை போய், கடைசியில் கோயில் அறநிலையத்துறையிடமே திரும்பியது. ஊரின் எதிர்ப்பைப் பாமரத்தனம் என்று சொல்பவர்கள் செஞ்சிக்குப் போய்ப் பார்க்கட்டும். பராமரிப்பில் குறையில்லை. 2025இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தாயிற்று. டிக்கெட் வாங்கி உள்ளே போனால் கல்யாண மஹால் நிற்கிறது. அங்கே யாருக்கும் கல்யாணம் நடப்பதில்லை.

சிற்பம் பாழாகிறது என்ற கவலை பொய்யல்ல. ஆனால் பாழாக்கியது யார்? திருப்பணி என்று சொல்லித் தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் மணலைப் பீய்ச்சியடித்துக் கல்லின் முகத்தையே தேய்த்தார்கள். பழைய ஓவியங்களின் மேல் சுண்ணாம்பு பூசினார்கள். புளிசாதம் கட்டி வந்தவனா இதைச் செய்தான்? டெண்டர் எடுத்தவர்களும் கையெழுத்துப் போட்டவர்களும் செய்தது. அவர்களைப் பற்றி நம் நண்பர்கள் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை.