கடல் வைத்த புள்ளி



சென்ற மாதம் ஜொகூர் மாநிலத்துப் பொந்தியானுக்குப் போயிருந்தேன். நம் இதழுக்கு அடிக்கடி படங்கள் அனுப்பும் இளம் வாசகி ஒருவரின் வீடு அங்கே இருக்கிறது. “ஒரு தடவை நேரில் வந்து பாருங்க ஐயா, எனக்கு ஒரே குழப்பமா இருக்கு” என்று எழுதியிருந்தார். போனில் பேசித் தீர்க்கிற குழப்பமாக அது தோன்றவில்லை. கிளம்பிவிட்டேன்.

மேசைமேல் இரண்டு கட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்றில் புகைப்படங்கள். குகூப்பில் கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் பலகை வீடுகள், பெக்கான் நானாஸ் சாலையோரத்தில் குவித்து வைத்த அன்னாசி, ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாயின் அலையாத்திக் காடு. மற்றதில் கணினியில் செய்த வரைகலை. சுவரொட்டிகள், கல்யாணப் பத்திரிகைகள், விதவிதமான எழுத்து வடிவங்கள்.

“படம் எடுக்கிறவங்க, ‘நல்ல படத்தைக் கெடுக்கிறியே’ன்னு சொல்றாங்க. டிசைன் செய்றவங்க, ‘கேமராவை மூட்டை கட்டு’ன்னு சொல்றாங்க. நான் எந்தப் பக்கம் போறது ஐயா?”

இதே இடைவெளியில் ஆயுள் முழுக்கக் குடியிருந்த ஒருவரை அவருக்குச் சொன்னேன். 1940இல் பினாங்கில் பிறந்த இஸ்மாயில் ஹாஷிம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் வரைகலை கற்பித்தவர். கலர் பிலிம் எங்கும் கிடைத்த காலத்திலும் அவர் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். அச்சான தாளின்மேல் தம் கையாலேயே மெல்ல மெல்ல வண்ணம் ஏற்றினார். பழைய முடிதிருத்தும் கடை, சைக்கிள் சீட்டு, வாசல் தபால்பெட்டி என்று நாம் தினமும் கண்டும் காணாமல் தாண்டிப் போகிறவைதாம் அவருக்குப் பொருள். ஒரே வகைப் பொருளைப் பலமுறை எடுத்துக் கட்டம் கட்டமாக அடுக்கினார். அப்படி அடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முகம் இருப்பது நமக்குத் தெரியவருகிறது. கண்டுபிடித்தது கேமரா, அதைக் காணும்படி செய்தது வரைகலைக் கை. 2013இல் மறைந்தார்.

இஸ்மாயில் பிறந்ததற்கு அடுத்த ஆண்டே, 1941இல், அதே பினாங்கில் பிறந்தவர் நிர்மலா தத் சண்முகலிங்கம். ஓவியர். 1973இல் தேசியக் கலைக்கூடம் நடத்திய போட்டியில், நம் சுற்றுப்புறம் பாழாவதைக் காட்டும் புகைப்படங்களையும் கண்டெடுத்த பொருள்களையும் சேர்த்துவைத்து விருது பெற்றார். பிற்காலத்தில் பத்திரிகைகளில் வந்த போர்ப் படங்களைத் திரையச்சில் கான்வாஸுக்குக் கொண்டுவந்து, அவற்றோடு வண்ணமும் தீட்டினார். இஸ்மாயிலுக்குப் புகைப்படம் பாசம். நிர்மலாவுக்கு அது சாட்சி. சொல்ல வேண்டியது மனத்தில் தெளிவாக இருந்ததால், கருவியை எந்த அளவுக்கு எடுப்பது என்பது இருவருக்கும் தானாகவே தெரிந்திருக்கிறது.

பேசிக்கொண்டே கட்டைப் புரட்டினேன். அடியில் ஒரு படம். அலை வற்றிய சேறு. அதிலிருந்து பென்சில் முனைகளைப் போல அலையாத்தி மரத்தின் மூச்சு வேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. வானத்தை எடுத்துவிட்டார், சேற்றின் சாம்பல் நிறத்தையும் எடுத்துவிட்டார். வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளிகளாக வேர்கள் மட்டும். அவற்றைச் சுற்றிச் சுற்றி, கையெடுக்காமல் போட்ட ஒற்றை இழைக் கோடு.

தேநீர் கொண்டுவந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

“சிக்குக் கோலமாடி? புள்ளி ஒண்ணும் வரிசையா இல்லையே!”

“கடல் வச்ச புள்ளிம்மா. அதான்.”

நான் தேடி வந்த பதில் அந்த அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவே கிடைத்துவிட்டது. “இதை எடுக்க எத்தனை தடவை போனே?” என்று கேட்டேன். “ஏழு தடவை ஐயா. அலை வத்தற நேரம் பார்த்துப் பார்த்துப் போனேன்.” “குகூப் வீடுகளுக்கு?” “ஒரு தடவைதான்.” சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

யாரும் சொல்லாமலே நாம் எந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறோமோ, நம் வழி அங்கிருந்துதான் தொடங்குகிறது. அம்மா வாசலில் போடும் கோலத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணால்தான் தஞ்சோங் பியாய் சேற்றில் புள்ளிகளைப் பார்க்க முடியும். வேறு ஊரில், வேறு வீட்டில் வளர்ந்தவருக்கு அங்கே வேறொன்று தெரியும். அதுவும் அழகுதான்; ஆனால் அது அவருடையது.

இப்படி அவர் செய்த வேர்ப் புள்ளிப் படங்களில் ஆறை இந்த இதழின் நடுப்பக்கங்களில் காண்பீர்கள். நீங்களும் அப்படித் திரும்பத் திரும்பப் போன இடத்தின் படங்களை எங்களுக்கு அனுப்புங்கள். வண்ணம் ஏற்றியிருந்தாலும், கோடு போட்டிருந்தாலும், தொடாமல் விட்டிருந்தாலும் மகிழ்ச்சியே.

நடுப்பக்கத்தை வடிவமைத்த நண்பர், “கீழே புகைப்படம் என்று போடவா, வரைகலை என்று போடவா?” என்று கேட்டார். அந்தப் பெண்ணின் பெயரையும், பொந்தியான் என்று ஊரையும் மட்டும் போடச் சொன்னேன்.

அன்புடன்,
ஆசிரியர்